அவர் கேட்டது பொய்க் கணக்கு இல்லை

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம், நலமறிய அவா. இங்கிலாந்தில் ஆங்கிலத்தை எப்படிச் சமாளிக்கிறாய் என்று கேட்டிருந்தீர்கள். பெரிய சொற்களால் எனக்குத் தொல்லை இல்லை. அகராதியைப் புரட்டினால் தெரிந்துவிடுகிறது. 'மேக்', 'அப்' என்று குழந்தைக்கும் தெரிந்த இரண்டு சொற்கள் கூட்டுச் சேர்ந்துதான் என்னைப் படாத பாடு படுத்துகின்றன.

நாம் அறிந்த மேக்கப் முகத்துக்குப் பூசுவது. இங்கு வந்த முதல் வாரத்தில், ஒருவர் விடுப்புக்குச் சொன்ன காரணத்தைப் பற்றி, 'ஹி மேட் இட் அப்' என்று மற்றவர்கள் சிரிக்கக் கேட்டு, இட்டுக்கட்டுவது என்ற பொருளும் உண்டெனக் குறித்துக்கொண்டேன். அந்த அரைகுறை அறிவுதான் வினையாயிற்று. ஒரு நாள் ரயில் தாமதத்தால் 40 நிமிடம் பிந்திப் போனபோது, மேற்பார்வையாளர் சிறிதும் கோபமின்றி, "யூ கேன் மேக் இட் அப் ஆன் ஃப்ரைடே" என்றார். வருகைப் பதிவில் பொய்க் கணக்கு எழுதச் சொல்கிறார் என்றெண்ணி, அப்படியெல்லாம் எழுதி எனக்குப் பழக்கமில்லை என்று நான் விறைப்பாகச் சொல்ல, அவர் விழித்த விழிப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வெள்ளிக்கிழமை கூடுதலாக 40 நிமிடம் இருந்து ஈடுகட்டிவிடு என்பதே அவர் சொன்னது.

அன்றிரவு படுக்கையில்தான் உறைத்தது: இட்டுக்கட்டுவதிலும் ஈடுகட்டுவதிலும் நமக்கும் ஒரே 'கட்டு'தானே! வீடு கட்டுகிறோம், பணம் கட்டுகிறோம், மூட்டை கட்டுகிறோம், கதையும் கட்டுகிறோம்; பக்கத்தில் நிற்கும் சொல் பொருளைக் காட்டிக்கொடுத்துவிடுவதால் ஒரு நாளும் குழம்பியதில்லை. ஆங்கிலத்திலும் அதே கதைதான். பக்கத்தில் 'ஸ்டோரி' வந்தால் புனைவது, 'டைம்' வந்தால் ஈடுகட்டுவது, 'மைண்ட்' வந்தால் ஒரு முடிவுக்கு வருவது. சண்டையிட்ட இருவரைப் பற்றிய பேச்சென்றால் சமாதானமாவது. என் மேற்பார்வையாளரோ நேரம் என்று சொல்லாமல் 'இட்' என்று சொல்லிவிட்டார். எனக்குத் துணையாக இருந்திருக்க வேண்டிய சொல் அந்தச் சின்னச் சுட்டுக்குள் ஒளிந்துகொண்டது. பள்ளியில் இவற்றைப் பட்டியலாக நெட்டுருப் போட்டோமே, அதில் இந்த 'இட்' பற்றி ஒரு வரிகூட இல்லை.

நேற்று, உடன் வேலை செய்யும் லிவர்பூல்காரப் பெண் ஒருத்தி, தன் தம்பிக்கு வேலை கிடைத்துவிட்டதாகச் சொல்லி, 'ஐ ஆம் மேட் அப்' என்றாள். முகத்தில் பூச்சும் இல்லை, சொன்னதில் புனைவும் இல்லை. அவர்கள் பக்கத்தில் அதற்கு மகிழ்ச்சியில் திளைக்கிறேன் என்று பொருளாம். இது மட்டும் நம் 'கட்டு'க்குள் அடங்க மறுக்கிறது. உங்களுக்கு ஏதேனும் தோன்றினால் அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

அம்மாவுக்கு என் அன்பு.

இப்படிக்கு,
உங்கள் அன்பு மகன்