டயரை மாற்றாமல் கிளம்பாதே

தம்பிக்கு,

டிரெய்லர் டயரில் பட்டன் தேயாமல் நிறைய இருக்கிறது, அப்படியே படகை இழுத்துக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று அப்பாவிடம் சொன்னாயாம். என்னிடம் பேச உனக்கு நேரமில்லை. சரி.

டிரெய்லர் டயர் ஓடித் தேய்வதைவிட வெயிலில் நின்றே கெடுவதுதான் அதிகம். குனிந்து பக்கவாட்டைப் பார். மயிரிழையாக வெடிப்பு ஓடியிருந்தால் அது போன டயர். அங்கேயே சின்னக் கட்டத்துக்குள் நாலு எண் இருக்கும். 2317 என்றால் 2017ஆம் வருடம் 23ஆவது வாரம் செய்தது. ஆறு வருடம் தாண்டினதை நம்பாதே என்பான் திருத்துறைப்பூண்டி மாமா. புதுசு வாங்கும்போதும் அந்த எண்ணைப் பார். கடையிலேயே கிடந்து கிழவனான டயரும் உண்டு.

மலிவாகக் கிடைக்கிறதென்று கார் டயரைப் போட்டுவிடாதே. பக்கவாட்டு மெத்தென்று இருக்கும், பாரம் ஏறினால் டிரெய்லர் ஆடும். சைஸுக்குப் பக்கத்தில் பார எண் போட்டிருக்கும். 100 என்றால் ஒரு டயர் 800 கிலோ தாங்கும், ரெண்டும் சேர்ந்து 1600. படகை மட்டும் கணக்குப் பண்ணாதே. எஞ்சின், வலை, ஐஸ் பெட்டி, டிரெய்லரின் இரும்பு எல்லாம் சேரும். வீட்டுச் சாமானையும் அதில்தான் ஏற்றப் போகிறாயா? ஏற்றினால் எவ்வளவு? பீரோ, கட்டில் வரைக்குமா? டயர் அதைப் பொறுத்தது, அதனால் கேட்கிறேன்.

2018ல் கஜா அடித்து நம் படகு ரெண்டாகக் கிடந்தபோது, கடன் வாங்கித் தூத்துக்குடி போய்த் தொழிலை நிமிர்த்தினவன் நீ. இதை நான் சொல்லாத ஆள் இந்தத் தெருவில் இல்லை. அப்படிப்பட்டவன் ரெண்டு டயருக்கா கணக்குப் பார்ப்பான்? ரெண்டையும் சேர்த்தே மாற்று. ஒன்று நைலான், ஒன்று ரேடியல் என்று ரெண்டு ரக டயரைக் கலக்காதே. ஸ்டெப்னியும் அதே சைஸில் இருக்கட்டும்.

காற்றைக் காலையிலேயே, வண்டி ஓடுமுன், டயரில் எழுதியிருக்கும் அளவு முழுசாக அடி. காற்று குறைந்தால் டயர் நெளிந்து நெளிந்து சூடாகித்தான் வெடிக்கும். தொண்டி, மீமிசல் பக்கம் உச்சி வெயிலில் நின்றால் யாரைக் கூப்பிடுவாய்? கொஞ்ச தூரம் ஓடினதும் நிறுத்தி நட்டை மறுபடி இறுக்கு. உப்புத் தண்ணீரில் இறங்கின சக்கரம், பேரிங்குக்குக் கிரீஸ் வைக்காமல் கிளம்பாதே. பெரிய அத்தை வீட்டில் எல்லாம் முடிந்த பிறகுதான் நமக்குச் சொன்னார்கள். நீயும் அப்படிச் செய்யாதே.

மேட்டூரை ஜூன் 12ல் திறப்பார்கள் என்கிறார்கள். ஆற்றில் இன்னும் மண்தான் பறக்கிறது. அப்பாவுக்கு முட்டிவலி தேவலை.

பாப்பாவுக்கு இந்த வருடம் பள்ளிக்கூடம் அங்கேயா, இங்கேயா? அவள் அம்மாவும் போனை எடுப்பதில்லை. நான் ஒன்றும் கேட்கவில்லை. டயர் மாட்டினதும் அந்த நாலு எண் தெரிகிற மாதிரி ஒரு போட்டோ அனுப்பு, மாமாவிடம் காட்டுகிறேன். பாப்பாவைப் பக்கத்தில் நிற்க வைத்து எடு.

காற்றைக் காலையில் பார்.

அம்மா