லயத்துச் சாமியம்மா பெயரையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டென்மார்க்கின் பிராண்டே ஊரில் அபிராமி அம்மன் கோயிலை நடத்திவரும் இலங்கைத் தமிழ் அம்மையாரைப் பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையை ஒரே மூச்சில் படித்து முடித்தேன். பூசை செய்வதும் அவரே, அருள் வந்து வாக்குச் சொல்வதும் அவரே என்று படித்ததும் எங்கள் லயத்துச் (தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகள்) சாமியம்மாதான் கண்முன் வந்து நின்றார்.

1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தப்படி, இலங்கையில் இருந்த இந்திய வம்சாவளியினர் 5,25,000 பேரை ஏற்றுக்கொள்ள இந்தியா சம்மதித்தது. தலைமன்னாரில் கப்பலேறி, ராமேசுவரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக வந்தவர்களில் பலருக்கு நீலகிரியின் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் வேலை கிடைத்தது. குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் பக்கம் இன்றும் எங்களைச் ‘சிலோன்காரங்க’ என்றுதான் சொல்வார்கள்.

சாமியம்மா வாரம் முழுக்கக் கொழுந்து பறிப்பார். வெள்ளிக்கிழமை சாயங்காலம் மாரியம்மன் முன்னால் உட்காருவார். அப்போது கோயில் என்பது தகரக் கூரையும் ஒரு கல்லும் சூலமும்தான். கண்டிப் பக்கத்துத் தோட்டக் கோயிலின் மண்ணைத் துணியில் முடிந்து, தகரப் பெட்டியில் கொண்டுவந்து, அந்தக் கல்லுக்கு அடியில் போட்டவர் அவர்தான்.

அவர் கணவரை இழந்தவர். ஆனாலும் மஞ்சள் சேலையும் நெற்றி நிறையக் குங்குமமுமாகத்தான் நிற்பார். லயத்துப் பெரியவர்கள் சிலர் முணுமுணுத்தார்கள். “ஆத்தா வச்ச பொட்டு இது. அழிக்கணும்னா அவகிட்ட கேளுங்க” என்றார். அப்புறம் யாரும் வாய் திறக்கவில்லை.

பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வந்தால் வேப்பிலை அடித்து விபூதி பூசுவார், கையோடு ஆஸ்பத்திரிக்கும் அனுப்பிவைப்பார். சம்பளத்தைக் குடித்துத் தீர்த்தவனை அருள் வந்த நேரத்தில் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, எல்லார் முன்னாலும் சத்தியம் வாங்குவார். பகலில் எடை குறைவென்று அவரைத் திட்டிய கங்காணியும் (வேலையை மேற்பார்ப்பவர்) அங்கே கைகட்டித்தான் நிற்பார். தட்டில் விழும் காசு விளக்குக்கு எண்ணெய் வாங்கவே சரியாகிவிடும்.

பிறகு கோயில் கான்கிரீட் கட்டடமானது. குடமுழுக்குக்குக் கீழே சமவெளியிலிருந்து குருக்கள் வந்தார்கள். அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் அன்றைக்குச் சாமியம்மாவைக் கருவறைக்கு வெளியே நிற்கச் சொன்னார்களே, அது இன்றுவரை எனக்கு ஆறவில்லை. கல்வெட்டில் நன்கொடை கொடுத்த அத்தனை பேர் பெயரும் இருக்கிறது. அவர் பெயர் இல்லை.

2023-ல் திருவரங்கத்தில் மூன்று பெண்கள் அர்ச்சகர் பயிற்சி முடித்த செய்தியைப் படித்து மனதாரச் சந்தோஷப்பட்டேன். எந்தப் பள்ளிக்கும் போகாமல் அம்மனுக்கு ஆயுசு முழுக்கப் பூசை செய்த இந்தத் தோட்டத்துப் பெண்களைப் பற்றி மட்டும் எந்த ஏட்டிலும் ஒரு வரி கிடையாது.

எங்கள் பிள்ளைகள் திருப்பூர், கோவை என்று வேலைக்குப் போய்விட்டார்கள். ஓய்வு பெற்றவர்கள் லயத்து வீட்டைக் காலி செய்துவிட்டுப் போகிறார்கள். ஆகவே தயவுசெய்து உங்கள் நிருபரைக் கோத்தகிரிக்கும் சேரம்பாடிக்கும் சீக்கிரம் அனுப்புங்கள். அங்கேயுள்ள பாட்டிமாரைப் பேசவிட்டு எழுதுங்கள். எங்கள் கோயில் கமிட்டியாருக்கும் ஒரு வேண்டுகோள்: அடுத்த திருவிழாவுக்குள் கல்வெட்டில் சாமியம்மா பெயரைச் சேருங்கள். செதுக்குகிற கூலியை நான் தருகிறேன்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கோத்தகிரி.