கணையத்தைக் கரைக்கிற கதையையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு மலரில் இனிப்புநீருக்கான (நீரிழிவுக்கான) திட்டுச் செல் மாற்றுச் சிகிச்சை பற்றிய கட்டுரையைப் படித்தேன். பாராட்டுகிறேன். ஆனால் 'இறந்தவரின் கணையத்திலிருந்து செல்களைப் பிரித்து நோயாளிக்குச் செலுத்துவார்கள்' என்று ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். பாதிச் சிக்கல் அந்த வரிக்குள்தான் இருக்கிறது. மறுநாளே எங்கள் சுங்கை சிப்புட் சாப்பாட்டுக் கடையில், "யாராவது கணையம் கொடுத்தால் போதுமாமே, ஊசியே வேண்டாமாம்" என்று பேசிக்கொண்டார்கள்.

இன்சுலின் சுரக்கும் லாங்கர்ஹான்ஸ் திட்டுகள் என்ற செல் கூட்டங்கள் கணையத்தின் எடையில் நூற்றுக்கு ஒன்றிரண்டு பங்குதான். மீதியெல்லாம் செரிமான நீர் சுரக்கும் திசு. அதற்குள் கொலாஜன் என்ற புரத நார்களால் கட்டுண்டு கிடக்கும் பொடித் திட்டுகளைக் கத்தியால் எடுக்க வழியில்லை. அதனால்தான் அந்த நார்களைக் கரைக்கும் நொதி. ஒரு வகை கிளாஸ்ட்ரிடியம் பாக்டீரியாவிலிருந்து எடுக்கும் கொலாஜனேஸை, தெர்மோலைசின் போன்ற இன்னொரு நொதியோடு கலந்து கணைய நாளத்தின் வழியே ஏற்றுவார்கள். உறுப்பு உப்பிவிடும். பிறகு துண்டுகளாக்கி, காமிலோ ரிக்கோர்டி குழுவினர் 1988-இல் வெளியிட்ட முறைப்படி, கோலி போன்ற சில உருண்டைகளோடு ஒரு கலத்தில் போட்டு 37 டிகிரி வெப்பத்தில் குலுக்குவார்கள்.

ஆட்டிறைச்சி மெதுவாக வேண்டுமென்று பப்பாளிக்காய் சேர்க்கிறோமே, அதுவும் நொதியின் வேலைதான். கூடிப்போனால் கறி கூழாகிவிடும். இங்கேயும் அப்படித்தான். சற்று முன்னதாக நிறுத்தினால் திட்டுகள் சுற்றுத் திசுவோடு ஒட்டிக்கொண்டே வரும். பிந்தினால் திட்டுகளே உடைந்து சிதறும். போதாததற்குக் கணையத்தின் சொந்தச் செரிமான நொதிகளும் கசிந்து கடிக்கத் தொடங்கும். இத்தனை நிமிடம் என்று எழுதிவைக்கவும் முடியாது. கொடையாளரின் வயது, கொழுப்பு, உறுப்பு குளிரில் கிடந்த நேரம் எல்லாம் கணக்கில் வரும். ஒரே நிறுவனத்து நொதியே ஒரு தொகுப்பு போல அடுத்தது இருக்காது. ஆகவே அடிக்கடி ஒரு துளி எடுத்து டிதிசோன் சாயம் விட்டுப் பார்ப்பார்கள். இன்சுலினோடிருக்கும் துத்தநாகத்தைப் பிடித்துக்கொண்டு திட்டுகள் மட்டும் சிவப்பாகத் தெரியும். சிவப்புத் திட்டுகள் தனித்தனியே விடுபட்டதும் குளிரூட்டி, கரைசலை நீர்க்கச் செய்து நொதியை அடக்கிவிடுவார்கள். அந்த நொடியைத் தீர்மானிப்பது நுண்ணோக்கி முன் உட்கார்ந்திருக்கும் ஆளின் கண்தான். பிறகு அடர்த்தி வேறுபாட்டை வைத்துச் சுழற்றித் திட்டுகளைத் தனியே பிரிப்பது கொஞ்சம் சுலபம்.

இத்தனைக்குப் பிறகும் பல கணையங்கள் தேறுவதில்லை. 2000-இல் கனடாவின் எட்மன்டனில் இந்தச் சிகிச்சைக்குப் பின் 7 பேர் இன்சுலின் ஊசியை நிறுத்திவிட்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். உண்மைதான். ஆனால் அவர்களில் ஒருவருக்குக்கூட ஒரே கணையத்துத் திட்டுகள் போதவில்லை என்பதையும் சேர்த்திருக்கலாம்.

இன்னொன்று. இந்தச் சிகிச்சை முதல் வகை இனிப்புநீர்க்காரர்களில், சர்க்கரை அடிக்கடி ஆபத்தான அளவுக்கு இறங்குகிற சிலருக்கானது. அமெரிக்காவில் 2023-இல் தந்த அனுமதியும் அப்படித்தான். செலுத்திய திட்டுகள் நிலைக்க, உடலின் எதிர்ப்பை அடக்கும் மருந்தையும் தொடர்ந்து சாப்பிட வேண்டும். தோட்டத்தில் நான் பார்த்தவர்களில் பெரும்பாலோர் இரண்டாம் வகை. அவர்கள் உங்கள் கட்டுரையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போகிறார்கள். அடுத்த ஞாயிறே இதை ஒரு கட்டம் கட்டிப் போட்டால் நல்லது. மாத்திரையையும் ஊசியையும் யாரும் நிறுத்த வேண்டாம் என்ற வரி மட்டும் கொஞ்சம் பெரிய எழுத்தில் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தோட்டத்து டிரெசர் (மருத்துவ உதவியாளர்),
சுங்கை சிப்புட், பேராக்.