நீளத்தப் பாத்து வெட்டுகத்தி வாங்காதீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காட்டுல ராத்தங்கப் போறவங்க என்னென்ன எடுத்துட்டுப் போகணும்னு உங்க பேப்பர்ல வந்த கட்டுரைய படிச்சேன். டென்ட்டு, தண்ணி, முதலுதவி எல்லாம் நல்லா விளக்கியிருந்தாங்க, ஆனா வெட்டுற சாமான்னு வந்தப்ப மட்டும் நீளமா கனமா ஒரு கத்தி வாங்கிக்கங்கன்னு ஒத்த வரியில முடிச்சுட்டாங்க. அத நம்பி யாரும் போய் வாங்கிடக்கூடாதேன்னுதான் எழுதுறேன்.

நான் முதமுதல்ல வாங்குனது அப்படித்தான், நீளத்தயும் பளபளப்பயும் பாத்து வாங்குனது. ரெண்டாவது நாள் மணிக்கட்டு தண்டிக்கு ஒரு காஞ்ச கட்டைய வெட்டிட்டிருக்கேன், நாலாவது வெட்டுல என் கையில வெறும் பிடிதான் இருக்கு, அலகு பறந்து போய் கூட வந்தவன் காலுக்கு ஒரு சாண் தள்ளி மண்ணுல குத்தி நிக்குது. பிடிய பிரிச்சுப் பாத்தா உள்ள போற காம்பு சுண்டுவிரல் அகலம்கூட இல்ல, அது அலகோட சேர்ற இடத்த வளைவா விடாம சதுர மூலையா வெட்டி வச்சிருக்காங்க. ஒடஞ்ச இடத்துல ஒரு பாதி புதுசா வெள்ளி மாதிரி மின்னுது, மீதி பாதி கருத்துக் கிடக்கு. அப்படின்னா அந்த விரிசல் நான் வாங்குறதுக்கு முன்னாடியே இருந்திருக்கு, இப்ப நெனச்சாலும் வயித்த கலக்குது.

அதனால கையில எடுத்ததும் முதல்ல பிடியப் பாருங்க. அலகோட இரும்பே பிடியோட கடைசி வரைக்கும் போகுதா, அதுதான் ஃபுல் டேங். காம்பு உள்ள ஒளிஞ்சிருந்தாலே மோசம்னு சொல்லல, மலேசியாவுல பராங்கு கத்திய காலங்காலமா அப்படித்தான் செய்யுறாங்க, ஆனா அந்தக் காம்பு எப்படி இருக்குன்னு வெளிய இருந்து நமக்குத் தெரியாதே.

அடுத்து அலகோட தடிமன். 6 மில்லிமீட்டர் இருந்தா உறுதின்னு நெனைக்கிறாங்க, பச்சக் கொடி, இளங்கிளை மேல அத போட்டா வெட்டாது, நசுக்கும், கைதான் வலிக்கும். தென் அமெரிக்கக் காடுகள்ல இருக்குறவங்க வச்சிருக்குற மச்செட்டிங்குற நீள வெட்டுகத்தி சாதாரணமா 2, 3 மில்லிமீட்டர்தான், ஏன்னா அவங்க வெட்டுறது கொடியும் புதரும். பராங்கு முனைப்பக்கம் கனமா இருக்கும், மரம்மாதிரி தண்டுகளயும் அது பாத்துக்கும். வடக்க குளிர் நாட்டு ஆளுங்க கோடாலிய விடமாட்டாங்க, அங்க தீ மூட்டணும்னா கட்டைய பொளந்தாத்தான் உள்ள காஞ்ச பகுதி கிடைக்கும். எந்த மரத்த வெட்டப் போறோம்னு தெரியாம கத்திய தேடுறதுல அர்த்தமே இல்லங்க.

கைக்கோடாலி பத்தி ஒண்ணு அவசியம் சொல்லணும். பிடி சின்னதா இருந்தா பத்திரம்னு நெனைக்காதீங்க, நின்னுகிட்டு வீசி குறி தப்பிச்சுன்னா அது நேரா நம்ம முழங்கால், கெண்டைக்காலுக்குத்தான் வரும். மண்டி போட்டு உக்காந்து வெட்டுனா தப்புனாலும் மண்ணுலதான் எறங்கும்.

இரும்புன்னு பாத்தா வெட்டுறதுக்கு கார்பன் ஸ்டீல் போதும், அதுல 5160-ன்னு ஒரு ரகம், கிட்டத்தட்ட 0.6 சதவீதம் கார்பன் இருக்கும், லாரிக்கு அடியில இருக்குற ஸ்பிரிங் பட்டைக்கும் போடுற இரும்பு, அடி தாங்கும். துரு பிடிக்கும், தொடச்சு எண்ணெய் தடவிட்டா சரியாயிடும். சாணை பிடிக்கும்போது மட்டும் கவனம், மிஷின்ல வச்சு அழுத்தி முனை நீலமா மாறிடுச்சுன்னா அந்த இடத்துல இரும்போட கடினம் போயிடுச்சு, அப்புறம் எவ்வளவு தீட்டுனாலும் கூர் நிக்காது. அடிக்கடி தண்ணியில முக்கி எடுங்க, இல்லன்னா கையாலயே அரம் போடுங்க.

என்னக் கேட்டா ரெண்டு ராத்திரி தங்கப் போற ஆளுக்கு வெட்டுகத்தியே வேண்டாம், ஒரு மடக்கு ரம்பமும் உள்ளங்கை நீளத்துக்கு ஒரு நல்ல கத்தியும் போதும். களைச்சுப்போன கையில வீசுற சாமான் ஆபத்து, ரம்பம் அப்படி இல்ல, மணிக்கட்டு தண்டி கட்டைய அது அலட்டிக்காம அறுத்துடும்.

அந்தக் கட்டுரையோட அடுத்த பகுதி வருதுன்னா, பிடிய கழட்டி காம்பு தெரியுற மாதிரி ஒரு படம் மட்டும் தயவுசெஞ்சு போடுங்க சார்.

இப்படிக்கு,
உங்க வாசகன்