ஆர்டி 350 புகையாமல் ஓடுகிறது: கை கொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

எல்லோருக்கும் வணக்கம்.

போன ஞாயிறு காலை கோவை செட்டிபாளையம் ரோட்டில் என் பைக்கை ஆறாவது கியர் வரைக்கும் கொண்டுபோனேன். வேகத்தைப் பார்க்கவில்லை, வலது பக்கச் சைலன்சரைத்தான் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன். இடது பக்கம் எவ்வளவு புகையோ அவ்வளவுதான் வலதிலும். பெட்ரோலோடு ஆயிலையும் சேர்த்து எரிக்கிற டூ ஸ்ட்ரோக் வண்டிக்கு அதற்கு மேல் ஆசைப்படக் கூடாது. வீட்டுக்கு வந்து உட்கார்ந்ததும் எழுதுவது இது. யார் பெயரையும் போடவில்லை, படிக்கும்போது அவரவருக்கே தெரிந்துவிடும்.

முதலில் அப்பாவுக்கு. 1987-ல் அவர் வாங்கிய ராஜ்தூத் 350 இது. யமஹாவின் ஆர்டி 350-ஐ ஃபரிதாபாத்தில் எஸ்கார்ட்ஸ் கம்பெனி தயாரித்து விற்றதே, அதே வண்டி. 347 சிசி, இரண்டு சிலிண்டர், எங்களுடையது 27 குதிரைத்திறன் கொண்ட லோ டார்க் மாடல். லிட்டருக்கு இருபது கொடுத்தாலே பெரிய விஷயம். 2004-லிருந்து மாட்டுக்கொட்டகை ஓரம் சாக்குப் போர்த்தி நின்றது. பழைய இரும்புக்காரர் மூன்று முறை வந்து கேட்டும் அப்பா கொடுக்கவில்லை. பாசமா என்று கேட்டால், "ஆர்சி புக்கைக் காணோம், இல்லைனா அப்பவே தள்ளியிருப்பேன்" என்கிறார். ஆர்சி புக் பீரோவில் அவருடைய வேட்டிக்கு அடியிலேயேதான் இருந்தது. நான் ஒன்றும் கேட்கவில்லை.

வீட்டில் கை வைப்பதற்கு முன் ஒரு பட்டறையில் கிராங்க் (பிஸ்டன் சுற்றவைக்கும் தண்டு) வேலைக்குக் கொடுத்தேன். எந்தப் பட்டறை என்பது வேண்டாம். நாலு மாதம் கழித்து, கணிசமான ஒரு தொகையை வாங்கிக்கொண்டு, "புது எஞ்சின் மாதிரி" என்று சொல்லிக் கொடுத்தார்கள். ஸ்டார்ட் செய்த அன்று தெருவே வெள்ளையாகிவிட்டது. எதிர் வீட்டு அக்கா கேட்டைத் திறந்துகொண்டு வந்து, "ஏனுங்க தம்பி, கொசு மருந்து அடிக்கறாங்களா?" என்று கேட்டார். அவருக்கும் இந்த மடலில் இடம் உண்டு. ஏழு மாதம் ஞாயிற்றுக்கிழமைத் துணியெல்லாம் மொட்டை மாடியில் காயப்போட்டும் கார்ப்பரேஷனுக்கு ஒரு புகார்கூட எழுதவில்லை.

அந்தப் புகை எங்கிருந்து வந்தது என்று கண்டுபிடித்த கதையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், இதே தொல்லையில் மாட்டிக்கொண்ட வேறு யாருக்காவது உதவும். புகை வலது சைலன்சரில் மட்டும், வலது பிளக் மட்டும் ஈரம். கார்புரேட்டர்தான் காரணம் என்று நினைத்து, அதில் பெட்ரோல் அளவைத் தீர்மானிக்கும் ஜெட்டை மாற்றி மாற்றி மூன்று வாரம் வீணடித்தேன். அப்போதுதான் நம் மெக்கானிக் அண்ணன் வந்தார், ஒரு காலத்தில் சோழவரம் ஓடுதளத்தில் ரேஸ் வண்டிகளுக்குக் கை வைத்தவர். வந்தவர் ஸ்பேனரைத் தொடவே இல்லை. "வீட்ல யாராச்சும் நர்ஸ் இருக்காங்களா?" என்றார். இருந்தார்கள், என் அண்ணி. பிபி பார்க்கிற கருவியைக் கொண்டுவரச் சொன்னார்.

எங்கே காற்று கசிகிறது என்று பார்க்க, இரண்டு சிலிண்டர்களின் இன்டேக் வாய்களையும் எக்ஸாஸ்ட் வாய்களையும் சைக்கிள் ட்யூப் ரப்பரை வெட்டி வைத்து இறுக்கி அடைத்தோம். பழைய பிளக் ஒன்றின் நடுவைக் குடைந்து, அதில் பிபி கருவியின் குழாயைச் செருகி, பல்பை அமுக்கினார். முள் 300 வரை ஏறியது, ஏறியதும் கண்ணெதிரே மளமளவென்று இறங்கியது. கிராங்க் தண்டைச் சுற்றி அடைக்கும் ரப்பர் சீல் நன்றாக இருந்தால் சில நிமிடமாவது அசையாமல் நிற்க வேண்டுமாம். சோப்புத் தண்ணீர் தடவினோம், வெளியே எங்கும் குமிழி இல்லை. அப்புறம் கியர் பாக்ஸிலிருந்து காற்று வெளியேறும் பிரீதர் குழாயின் நுனியை ஒரு டம்ளர் தண்ணீரில் விட்டார். குபுகுபுவென்று குமிழி. அதாவது கிளட்ச் பக்கத்துக் கிராங்க் சீல் பிடிக்கவில்லை, அந்த வழியாகக் கியர் ஆயிலை எஞ்சின் உறிஞ்சி எரித்துக்கொண்டிருக்கிறது. இதே கோளாறு இடது பக்கச் சீலில் இருந்தால் புகை வராது, காற்று உள்ளே போய்ப் பெட்ரோல் கலவை மெலிந்து பிஸ்டனே ஓட்டையாகிவிடும் என்றார். புகைந்தது அதிர்ஷ்டம்தான். அண்ணி, கருவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், ஆயில் வாடை போகவில்லை என்றால் புதிது வாங்கித் தருகிறேன்.

புதுச் சீலுக்காகச் சென்னை புதுப்பேட்டைக்குப் போன் செய்தபோது, அந்தக் கடை பாய் வீடியோ காலில் சீலை வெர்னியரில் வைத்துக் காட்டிவிட்டு, "அளவு சேராது, இத வாங்காத தம்பி" என்று தன் சரக்கையே வேண்டாம் என்றார். பத்து நாள் கழித்துச் சரியான சீலைத் தேடிப் பிடித்து அனுப்பினார். வியாபாரத்தில் இப்படி ஒரு ஆள்!

லேத் பட்டறை ஐயாவுக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும், ஏனென்றால் நான் கேட்டதில் பாதியை அவர் செய்யவே மாட்டேன் என்றார். சிலிண்டரைப் பெரிதாக்கி ஓவர்சைஸ் பிஸ்டன் போடலாம் என்று கொண்டுபோனேன். அளந்து பார்த்துவிட்டு, "இன்னும் தேயவே இல்லீங்களே, எதுக்கு அறுக்கறீங்க? ஹோன் மட்டும் பண்ணி ரிங் போடுங்க" என்றார், அதாவது உள்சுவரை லேசாகத் தேய்த்தால் போதும். மெக்கானிக் அண்ணனும் அதே ரகம். வேகத்தைக் கூட்ட எனக்கு எக்ஸ்பான்ஷன் சேம்பர் சைலன்சர், பெரிய கார்புரேட்டர் என்று ஒரு பட்டியலே இருந்தது. அதை வாங்கிப் படித்துவிட்டு மடித்து என் சட்டைப் பையிலேயே வைத்தார். "நிக்கத் தெரியாத வண்டிக்கு இன்னும் ஓட்டம் எதுக்குத் தம்பி?"

உண்மைதான். ஜப்பானில் முன்சக்கரத்துக்கு டிஸ்க் போட்டு வந்த வண்டிக்கு இங்கே டிரம் பிரேக்தான் கொடுத்தார்கள், அது பிடிப்பதற்குள் அடுத்த ஸ்டாப் வந்துவிடும். உக்கடத்தில் பழைய வண்டி ஒன்றிலிருந்து டிஸ்க் ஃபோர்க்கும் சக்கரமும் எடுத்தோம். ஆக்சிலுக்கான புஷ்ஷை ஐயா கடைந்து கொடுத்துவிட்டுக் காசு வேண்டாம் என்றார், வண்டியில் ஒரு ரவுண்டு கேட்டிருக்கிறார். பழைய டிரம் சக்கரத்தைப் பரண் மேல் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

நான் செய்த இன்னொரு மாற்றம், பிளக்கில் பொறி விழவைக்கும் பழைய பாயிண்டைக் கழற்றிவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன். என் கூடப் படித்த எலக்ட்ரிக்கல்காரன் இரண்டு ராத்திரி உட்கார்ந்து வயரிங் முழுவதையும் புதிதாக இழுத்தான், பிஸ்டன் உச்சிக்கு வர 2 மில்லிமீட்டர் இருக்கும்போது பொறி விழ வேண்டும் என்று டயல் கேஜ் வைத்து இரண்டு பக்கமும் பார்த்தான். கூலி, பரோட்டா. இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால், அதனால் கலவை மெலியும் என்று மெயின் ஜெட்டை ஒரு சைஸ் கூட்டச் சொன்னதும் அவன்தான்.

அம்மாவை விட்டுவிட்டால் சோறு கிடைக்காது. டேங்கின் உள்ளே துரு. வினிகரை ஊற்றி, ஒரு கைப்பிடி நட்டுகளைப் போட்டு இரண்டு நாள் குலுக்கினேன். "அப்படியே விட்டா மறுபடி துருப் பிடிக்கும்டா" என்று சமையல் சோடாவைக் கரைத்து ஊற்றி அலசிக் கொடுத்தவர் அம்மா. பாத்திரம் விளக்குகிறவருக்குத் தெரியாததா.

லேத் ஐயா, வருகிற ஞாயிறு ஆறரைக்கு உங்கள் வீட்டு வாசலில் இருப்பேன், பட்டறைச் செருப்போடு வராதீர்கள், கிக்கர் வழுக்கும். எதிர் வீட்டு அக்கா, ஸ்டார்ட் செய்யும்போது முதல் இரண்டு நிமிடம் கொஞ்சம் புகையத்தான் செய்யும், அன்று மட்டும் துணியை ஏழு மணிக்கு மேல் காயப்போடுங்கள்.