காலாண்டு விடுமுறைக்கு முன் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

காலாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. குறுவட்டப் போட்டியில் நம் கபடி மாணவியர் பரிசு வாங்கினார்கள். கலைத் திருவிழாவிலும் பலர் கலந்துகொண்டார்கள். எல்லோருக்கும் பாராட்டுகள். விடைத்தாள் பள்ளி திறந்ததும் கிடைக்கும்.

அப்புறம், இன்னொரு விஷயம். சில பிள்ளைகளுக்கு மட்டும் ஏன் பி.டி. வகுப்பில் விலக்கு, ஏன் இத்தனை லீவு என்று பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் பேச்சு ஓடியிருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்தால் ஒட்டுமா என்றும் ஒருவர் கேட்டிருக்கிறார். கேட்டதில் தப்பில்லை, சொல்லிவிடுகிறேன்.

அந்தப் பிள்ளைகளுக்கு இருப்பது சிக்கிள் செல், அதாவது ரத்தச் சிவப்பணுக்கள் அரிவாள் போல் வளைந்துவிடும் நோய். கூடலூர், பந்தலூர் பக்கம் இது புதிதல்ல. நீலகிரிப் பழங்குடி மக்களிடம் இதை 1952லேயே கண்டறிந்தார்கள். பழங்குடி அல்லாத குடும்பங்களிலும் உண்டு. தாய், தந்தை இருவர் வழியாகவும் பிறப்பிலேயே வருவது. தொட்டாலோ சேர்ந்து சாப்பிட்டாலோ ஒட்டாது. குளிர், நனைதல், தண்ணீர் குறைவு, அதிக ஓட்டம் என்றால் கை கால் எலும்பெல்லாம் தாங்க முடியாமல் வலிக்கும். வெளியே காயம் தெரியாததால் "நடிக்கிறான்" என்கிறார்கள்.

பதினாலு, பதினைந்து வயதில் அந்தப் பேச்சு ஆளையே ஒடுக்கிவிடுகிறது. இந்தப் பிள்ளைகள் நிறையத் தண்ணீர் குடிக்க வேண்டும், அடிக்கடி வெளியே போகவும் வேண்டியிருக்கும். எழும்போதெல்லாம் வகுப்பு சிரிக்கிறதே என்று ஒரு பிள்ளை பாட்டிலைத் திறக்காமலே மாலை வீட்டுக்குக் கொண்டுபோகிறது. இந்த நோயால் மஞ்சளாகும் கண்ணைக் கேலி செய்ததால் இன்னொன்று வகுப்பு போட்டோ எடுத்த அன்று வரவேயில்லை. யாரென்று சொல்ல மாட்டேன். நீங்களும் தேட வேண்டாம்.

சரி, வெளிப்படையாகவே சொல்கிறேன். இது சலுகை இல்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இந்த நோயும் இருக்கிறது. எந்தப் பிள்ளையின் உடல்நிலை பற்றியும் இனி குழுவில் ஒரு வரி வந்தாலும், ஆசிரியர்கள் மட்டுமே பதிவிடும்படி மாற்றிவிடுவேன். கேலி செய்யும் பிள்ளையின் பெற்றோரை நேரில் வரச் சொல்வேன்.

நோயுள்ள பிள்ளைகளின் பெற்றோர் வகுப்பாசிரியரிடம் மட்டுமாவது சொல்லி வையுங்கள். மழைக்கு ஸ்வெட்டர் கொடுத்து அனுப்புங்கள். மாத்திரையைச் சலிப்பில் நிறுத்துகிற வயது இது, கொஞ்சம் கவனியுங்கள். பிள்ளை யாரிடமும் பேசாமல் இருந்தால் 14416 என்ற இலவச மனநல எண்ணில் தமிழிலேயே பேசலாம். விடுமுறைக்குப் பின் தண்ணீர் மணி அடித்ததும் வகுப்பு முழுவதும் குடித்து, வெளியே போய்வர ஐந்து நிமிடம் தருகிறோம். யாரும் தனியாக எழ வேண்டியதில்லை.

வலி வந்த பிள்ளையைத் தன் ஜீப்பில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன தந்தைக்கும், விடுபட்ட பாடங்களை எழுதிக் கொடுக்கும் பிள்ளைகளின் வீட்டாருக்கும் மிக்க நன்றி.

அன்புடன்,
தலைமையாசிரியர்