வாய் கோணினால் மூன்று நாளுக்குள் மருந்து தொடங்க வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உசிலம்பட்டிப் பக்கம் மருந்துக்கடை நடத்தும் மருந்தாளுநர் நான். முகவாதம் வந்தவர்கள் நாள் கடத்திவிட்டு வருவதையும், டாக்டர் எழுதிய மாத்திரையைப் பயந்து ஒதுக்குவதையும் பார்த்துப் பார்த்து மனசு பொறுக்காமல்தான் எழுதுகிறேன்.

ராத்திரி நன்றாகப் படுத்தவர் காலையில் வாய் கொப்பளித்தால் தண்ணீர் ஓரமாக ஒழுகும். கண்ணாடியில் பார்த்தால் வாய் ஒரு பக்கம் இழுத்திருக்கும், மறுபக்கத்துக் கண் மூடாது. ‘பஸ்ஸுல ஜன்னலோரம் உட்காந்து வந்தான்ல, காத்து அடிச்சிருச்சு’ என்பார் ஒருவர். ‘பேய் அறைஞ்சிருச்சு, மந்திரிச்சுட்டு வாங்க’ என்பார் இன்னொருவர். புறா ரத்தம் தேய்க்கச் சொல்கிறவர்களும் இன்னும் இருக்கிறார்கள். இதிலேயே ஒரு வாரம் ஓடிவிடுகிறது.

காதுக்குப் பின்னால் எலும்புக்குள் ஓடும் குறுகலான பாதை வழியாகத்தான் முக நரம்பு வெளியே வருகிறது. அது வீங்கினால் விரிய இடமில்லை. நசுங்கி, முகத்தில் அந்தப் பாதி செயலற்றுப் போகிறது. பெல்ஸ் பால்சி என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். அந்த வீக்கத்தை வடிய வைக்கிற மருந்து பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை. 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் அதன் முழுப் பலன் கிடைக்கும்.

ஸ்காட்லாந்தில் 551 நோயாளிகளை வைத்து நடந்த ஆய்வு 2007-இல் வெளியானது. எல்லோருக்கும் 72 மணி நேரத்துக்குள் சிகிச்சை தொடங்கினார்கள். பிரெட்னிசலோன் தினம் 50 மில்லிகிராம் வீதம் 10 நாள் சாப்பிட்டவர்களில் 83 சதவீதம் பேருக்கு மூன்றே மாதத்தில் முகம் முழுக்கச் சரியானது. அது சாப்பிடாதவர்களில் 64 சதவீதம்தான். ஒன்பது மாதம் கழித்துப் பார்த்தபோதும் 94-க்கு 82 என்று வித்தியாசம் நின்றது. ஏசைக்ளோவிர் என்ற வைரஸ் மருந்தைச் சேர்த்துக் கொடுத்ததால் கூடுதல் பலன் எதுவும் தெரியவில்லை. (காதில் கொப்புளம் போட்டு முகம் இழுத்தால் அது அக்கி வகை. அதற்கு வைரஸ் மருந்தும் வேண்டும். காதை டாக்டரிடம் கட்டாயம் காட்டுங்கள்.)

‘சும்மா விட்டாலே சரியாயிடும்’ என்கிறார்கள். பத்தில் ஏழு பேருக்கு அப்படி ஆகிறது, உண்மைதான். மீதி மூன்று பேர் யார் என்று முதல் நாளிலேயே யாரால் சொல்ல முடியும்?

சமீபத்தில் ஒரு கொத்தனார் தம்பி, அம்மாவோடு வந்தார். வாயைத் துண்டால் மூடியிருந்தார். கண்ணை மூடச் சொன்னேன். வலது கண் மூடியது. இடது கண்ணில் இமை பாதியில் நின்று, கருவிழி மேலே ஏறி வெள்ளை மட்டும் தெரிந்தது. சீட்டில் டாக்டர் எல்லாம் சரியாக எழுதியிருந்தார். அம்மாதான், “ஸ்டீராய்டுன்னா உடம்பு ஊதிரும், கிட்னி போயிரும்னு சொல்றாகம்மா. அது வேணாம், நரம்பு மாத்திரை மட்டும் குடு” என்றார். நரம்பு மாத்திரை வெறும் வைட்டமின், அந்த வீக்கத்தை அது தொடாது என்று சொன்னேன். வருஷக்கணக்கில், கேள்வி முறையில்லாமல் சாப்பிடுகிற ஸ்டீராய்டு வேறு. டாக்டர் பார்வையில் பத்து நாள் சாப்பிடுவது வேறு. சாப்பாட்டுக்குப் பிறகு போட வேண்டும், பாதியில் நிறுத்தக் கூடாது. சர்க்கரை உள்ளவர்களுக்கு அளவு ஏறும் என்பதால் டாக்டரிடம் முன்பே சொல்லிவிட வேண்டும். விலையும் அந்தத் தம்பியின் ஒரு நாள் கூலியில் சிறு பங்குதான். கடைசியில் வாங்கிப் போனார்கள். சீட்டில்லாமல் கேட்டிருந்தால் நான் கொடுத்திருக்க மாட்டேன்.

அதே சீட்டில் கண் சொட்டு மருந்தும் இருந்தது. பலர் அதைத்தான் வேண்டாம் என்று விட்டுவிடுகிறார்கள். மூடாத கண் காய்ந்து கருவிழியில் புண் வந்தால் பார்வையே போகலாம். பகலில் சொட்டு மருந்து, ராத்திரியில் களிம்பு போட்டு இமையை மூடி பிளாஸ்திரி, வண்டியில் போனால் கண்ணாடி, இவ்வளவுதான் வேலை.

இன்னொன்று. வாய் கோணியதோடு கை கால் தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ அது மூளையில் வந்த பக்கவாதமாக இருக்கலாம். அந்த நிமிடமே 108-ஐ அழையுங்கள். முகவாதத்தில் நெற்றியிலும் பாதி சுருங்காது, பக்கவாதத்தில் பெரும்பாலும் நெற்றி சுருங்கும் என்பது டாக்டர் பார்க்கும் அடையாளம். அதை வைத்து வீட்டிலேயே தீர்ப்புச் சொல்ல வேண்டாம். வாய் கோணினால் அன்றைக்கே ஆஸ்பத்திரி.

அரசுக்கு ஒரு கோரிக்கை. 2021 முதல் நடக்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை கொண்டு வீடு வீடாகப் போகிற தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். அவர்கள் பேச்சை எங்கள் ஊர்ப் பெண்கள் கேட்கிறார்கள். சர்க்கரை உள்ளவர்களுக்கு முகவாதம் வரும் வாய்ப்பும் கூடுதல். அந்தத் தன்னார்வலர்களுக்கு இந்த 72 மணி நேரக் கணக்கையும் கண் பராமரிப்பையும் ஒரு மதியம் உட்கார வைத்துச் சொல்லிக் கொடுத்தால் போதும். ஆரம்ப சுகாதார நிலையச் சுவரிலும் இதை எழுதி வைக்க வேண்டும்.

இப்படிக்கு,
மருந்தாளுநர் வாசகி,
உசிலம்பட்டி, மதுரை மாவட்டம்.